விண்கலத்துக்குள் விளக்கு: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில், வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் தேசிய வான், விண்வெளி அருங்காட்சியகத்தில் இருக்கும் ‘ஸ்டார் ட்ரெக்’ எண்டர்பிரைஸ் கலத்தின் 11 அடி மாதிரியைப் பற்றி எழுதியிருந்தேன். 1964இல் மரமும் பிளாஸ்டிக்கும் கொண்டு செய்தது, 1966இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரில் பறந்தது, 1974இல் அருங்காட்சியகத்துக்குப் போனது. அதைப் படித்த பலர், அதே கலத்தின் சின்ன கிட் (பாகங்களாக வரும், நாமே ஒட்டிக் கட்டும் பிளாஸ்டிக் மாதிரி) ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, விளக்கு போடுவது, பெயின்ட் அடிப்பது பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி (மதுரை வாசகர்): 1/1000 அளவு எண்டர்பிரைஸ் கிட் பரிசாக வந்தது. பெயின்ட் அடித்து முடித்துவிட்டு விளக்கு போடலாமா, இல்லை விளக்குதான் முதலா?

விளக்குதான் முதல். ஆனால் அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது: கிட்டை ஒட்டாமல், மாஸ்கிங் டேப் போட்டு முழுசாக ஒருதடவை கோத்துப் பாருங்கள். கதைப்படி இந்தக் கலத்தின் நீளம் சுமார் 289 மீட்டர், அதனால் உங்கள் கையில் இருப்பது 29 சென்டிமீட்டர்தான். தட்டு மாதிரி இருக்கும் முன்பகுதியில் இடம் தாராளமாக உண்டு. பிரச்சினை கழுத்திலும், இரண்டு எஞ்சின் குழாய்களைத் தாங்கும் தூண்களிலும்தான். அந்தத் தூண்கள் இவ்வளவு சின்ன அளவில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டுகள், சாதாரண வயர் அதற்குள் போகாது. மோட்டார் வைண்டிங் செய்யும் கடையில் கிடைக்கும் எனாமல் பூசிய செப்புக் கம்பியில் மெல்லியதாகக் கேட்டு வாங்குங்கள். 0.1 மி.மீ. அளவு போதும். தூணின் உள்பக்கத்தில் கத்தி முனையால் ஒரு சின்னக் கால்வாய் கீறி, கம்பியை அதில் படுக்க வைத்து, மேலே புட்டி போட்டுத் தேய்த்துவிட்டால் வெளியே தெரியவே தெரியாது. கம்பியின் நுனியில் எனாமலைச் சுரண்டி எடுத்த பிறகுதான் ஈயம் பிடிக்கும், அதை மறந்துவிடாதீர்கள்.

வேலையின் வரிசை இப்படிப் போகும். கோத்துப் பார்ப்பது, சன்னல் துளைகள் போடுவது, உள்பக்கம் பெயின்ட் அடிப்பது, விளக்கும் வயரும் பொருத்தி ஒரு ராத்திரி முழுக்க எரியவிட்டுப் பார்ப்பது, அப்புறம் ஒட்டி மூடுவது, வெளிப் பெயின்ட், டீக்கால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் எழுத்து, குறிப் படங்கள்), கடைசியாக மேட் கோட் (பளபளப்பை அடக்கும் தெளிவான பூச்சு). எரியவிட்டுப் பார்க்கும் அந்த ஒரு ராத்திரியை மட்டும் யார் அவசரப்படுத்தினாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். மூடிய பிறகு உள்ளே ஒரு ஈய இணைப்பு விட்டுப்போனால் கலத்தைப் பிளப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

கேள்வி (கோவை வாசகி): எல்.இ.டி. வைத்துப் பார்த்தேன். சன்னல் வழியாக வெளிச்சம் வருவதற்குப் பதில் முழுத் தட்டுமே டியூப் லைட் மாதிரி ஒளிர்கிறது. என்ன செய்வது?

இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு ரொம்பச் சந்தோஷம், ஏனென்றால் இந்தக் கலையின் பாதி இதுதான். கடையில் விற்கும் விளக்கு செட்டைப் பார்த்தால் வேலை முழுக்க விளக்கு பொருத்துவதில் இருப்பதாகத் தோன்றும். உண்மையில் நேரம் போவது வெளிச்சம் போகக்கூடாத இடத்தில் அதை அடைப்பதில்தான்.

கிட் பிளாஸ்டிக் என்பது பாலிஸ்டைரீன். ஒரு மில்லிமீட்டர் சொச்சம் தடிமன், வெளிர் நிறம். பகலில் கெட்டியாகத் தெரியும், ஆனால் பின்னால் ஒரு எல்.இ.டி. வைத்தால் வெளிச்சத்தை அப்படியே விட்டுவிடும். அதனால் உள்பக்கம் முழுவதும் மூன்று பூச்சு அடியுங்கள். முதலில் கறுப்பு, அதன் மேல் சில்வர், அதன் மேல் வெள்ளை. கறுப்பும் சில்வரும் வெளிச்சத்தைத் தடுக்கும். குறிப்பாக சில்வர் பெயின்டில் இருக்கும் அலுமினியத் துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து வெளிச்சத்தை நன்றாக மறிக்கும். வெள்ளை எதற்கு என்றால், உள்ளே இருக்கும் வெளிச்சம் சிதறி எல்லா மூலைக்கும் போய் எல்லாச் சன்னலுக்கும் ஒரே அளவில் கிடைக்க வேண்டும். வெறும் கறுப்போடு நிறுத்திவிட்டால் விளக்குக்கு நேரே உள்ள சன்னல் மட்டும் பளீரென்று எரியும், மற்றவை மங்கலாக இருக்கும்.

அதற்குப் பிறகும் இரண்டு பாகங்கள் சேரும் விளிம்பில் மயிரிழை மாதிரி ஒரு கோடு ஒளிரும். தட்டின் மேல் பாதியும் கீழ்ப் பாதியும் சேரும் ஓரத்தைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். சேர்க்கும் முன்னால் உள்விளிம்பில் அலுமினிய ஃபாயில் டேப்பை ஒரு உதடு போல மடித்து ஒட்டுங்கள். ஆனால் அந்த டேப் மின்சாரம் கடத்தும், எல்.இ.டி.யின் கால் அதில் பட்டால் ஷார்ட் ஆகும். அதனால் டேப்புக்கு மேலும் ஒரு கோட் பெயின்ட் அவசியம், அதோடு ஈயம் வைத்த ஒவ்வொரு இணைப்பின் மேலும் சின்னதாக ஹீட் ஷ்ரிங்க் குழாய் (சூடாக்கினால் சுருங்கி இறுகும் பிளாஸ்டிக் குழாய்) போட்டுவிடுங்கள்.

பார்க்கும் முறையும் முக்கியம். அறை விளக்கை மட்டும் அணைத்தால் போதாது. கதவு இடுக்கில் துணி வைத்து, ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, கண் இருட்டுக்குப் பழகிய பிறகு கலத்தைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். அதற்கு முன் தெரியாத ஊசித்துளைகள் அப்போதுதான் தெரியும். தெரிந்த இடத்தில் வெளியே பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டு, உள்ளே மறுபடி சில்வர் தொட்டு வையுங்கள். வெளியே பிரைமர் (அடிப்பூச்சு) அடித்த பிறகும் இதே சோதனையை இன்னொரு தடவை செய்யலாம்.

கேள்வி (சேலம், கல்லூரி மாணவர்): சன்னல்களைத் துளைக்க எந்த அளவு பிட்? ஃபைபர் ஆப்டிக் போடலாமா?

உங்கள் கிட்டின் அளவைச் சொல்லவில்லை, அதனால் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். 1/1000 என்றால் ஒரு மில்லிமீட்டர் துளை நிஜக் கலத்தில் ஒரு மீட்டர் சன்னல். 1/350 என்றால் அதே துளை 35 சென்டிமீட்டர் மட்டும்தான். சின்ன அளவில் 0.5 மி.மீ. பிட் போதும், அதற்கு மேல் போனால் கலம் பொம்மை போல ஆகிவிடும். எலெக்ட்ரிக் ட்ரில் வேண்டாம். அது சுற்றும் வேகத்தில் பிளாஸ்டிக் உருகி பிட்டில் சுற்றிக்கொள்ளும். விரலால் திருகும் கைத் துளைப்பான் வாங்குங்கள். முதலில் ஊசி முனையால் ஒரு சின்னக் குழி, அப்புறம் பிட். இல்லாவிட்டால் வழுக்கிக்கொண்டு போய், வரிசையில் ஒரு சன்னல் மட்டும் தள்ளி நிற்கும். அது கடைசிவரை கண்ணை உறுத்தும்.

துளையை மூட இரண்டு வழி. சதுரச் சன்னல் அல்லது கொஞ்சம் பெரிய துளை என்றால் ஒரு பல்குத்தும் குச்சியில் ஃபெவிகால் தொட்டு, துளையின் ஓரத்தைச் சுற்றி இழுத்தால் சோப்பு நுரை மாதிரி ஒரு படலம் பிடிக்கும். காயும்போது வெள்ளை போய்த் தெளிந்துவிடும். சன்னலுக்கு ஃபெவிக்விக் வகைப் பசை மட்டும் வேண்டவே வேண்டாம், அதிலிருந்து எழும் ஆவி பக்கத்தில் இருக்கும் தெளிவான பிளாஸ்டிக் எல்லாவற்றின் மேலும் வெள்ளையாகப் படியும்.

சின்ன வட்டத் துளைக்கு ஃபைபர் ஆப்டிக், அதாவது ஒளியைக் கடத்தும் மெல்லிய இழை, அருமையான வழி. 0.25, 0.5, 0.75, 1 மி.மீ. தடிமனில் கிடைக்கிறது. ஒரு கட்டு இழைகளை ஒரே எல்.இ.டி.யின் முகத்தில் கறுப்புக் குழாய்க்குள் சேர்த்துவிட்டால், அந்த ஒரு விளக்கிலிருந்து முப்பது சன்னல் எரியும். இழையை உள்ளிருந்து வெளியே நீட்டி, உள்பக்கத்தில் ஃபெவிகால் வைத்து நிறுத்துங்கள். ஃபெவிக்விக் வைத்தால் இழை நொறுங்கும் தன்மைக்கு வந்து, லேசாக வளைத்தாலே உடையும். வெளியே ஒரு சென்டிமீட்டர் நீண்டிருக்கட்டும், கலம் முள்ளம்பன்றி போல நிற்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பெயின்ட், டீக்கால், மேட் கோட் எல்லாம் முடிந்த பிறகுதான் புது பிளேடால் மட்டமாக வெட்ட வேண்டும். முன்னாலேயே வெட்டினால் பெயின்ட் நுனியை மூடிவிடும், மேட் கோட்டும் ஒளியை மங்கவைக்கும்.

எல்லாச் சன்னலும் எரிய வேண்டும் என்று நினைக்காதீர்கள். நாலில் ஒன்றையாவது கறுப்பாக விடுங்கள். அங்கே யாரோ தூங்குகிறார்கள், இங்கே யாரோ வேலை பார்க்கிறார்கள் என்ற எண்ணம் அதில்தான் வருகிறது.

கேள்வி (சென்னை வாசகர்): ரிச்சி ஸ்ட்ரீட்டில் எல்.இ.டி., ரெசிஸ்டர் எல்லாம் வாங்கிவிட்டேன். எந்த எல்.இ.டி.க்கு எந்த ரெசிஸ்டர் என்று யாரும் தெளிவாகச் சொல்லவில்லை.

கணக்கு எளிதுதான். வெள்ளை எல்.இ.டி. ஏறத்தாழ 3.1 வோல்ட் எடுத்துக்கொள்ளும், சிவப்பு 2 வோல்ட். கொடுக்கும் மின்னழுத்தத்தில் இதைக் கழித்து, மீதியை வேண்டிய மின்னோட்டத்தால் வகுத்தால் ரெசிஸ்டர் வந்துவிடும். பழைய போன் சார்ஜரின் 5 வோல்ட்டில் ஒரு வெள்ளை எல்.இ.டி. என்றால் மீதி 1.9 வோல்ட். அதை 10 மில்லி ஆம்பியரால் வகுத்தால் 190 ஓம், கடையில் கிடைப்பது 220, அதைப் போடுங்கள். சிவப்புக்கு 3 வோல்ட் மீதி, 300 ஓம், 330 போடுங்கள். 12 வோல்ட் அடாப்டர் இருந்தால் மூன்று வெள்ளையை வரிசையாகக் கோத்து ஒரு 270 ஓம்.

20 மில்லி ஆம்பியர் வரை தாங்கும் என்று கடைக்காரர் சொல்வார், சரிதான். ஆனால் விண்கலச் சன்னலுக்கு அவ்வளவு வெளிச்சம் தேவையில்லை, பாதி கொடுத்தாலே அதிகம். மங்கலாக எரிந்தால் கலம் பெரிதாகத் தெரியும், பளீரென்று எரிந்தால் சின்னதாகத் தெரியும். நான் சொல்வதை நம்ப வேண்டாம், ரெசிஸ்டரை மாற்றி மாற்றிப் போட்டு நீங்களே பாருங்கள்.

நான்கைந்து எல்.இ.டி.யைப் பக்கம் பக்கமாக இணைத்து எல்லாவற்றுக்கும் ஒரே ரெசிஸ்டர் போடும் பழக்கம் நிறையப் பேரிடம் இருக்கிறது. அது வேண்டாம். ஒவ்வொரு எல்.இ.டி.க்கும் மின்னழுத்தம் துளி வித்தியாசப்படும், குறைவாகக் கேட்பது அதிகமாக இழுத்துக்கொள்ளும், ஒன்று பிரகாசமாக எரிந்து சீக்கிரம் போகும், மற்றவை மங்கும். ஆளுக்கொரு ரெசிஸ்டர் கொடுத்துவிடுங்கள், விலை ஒன்றும் பெரிதில்லை.

நிறம் பற்றியும் ஒரு வார்த்தை. வெள்ளை என்று கேட்டால் 6000 கெல்வினுக்கு மேலான நீலம் கலந்த வெள்ளையைத்தான் கொடுப்பார்கள். சன்னலுக்கு ‘வார்ம் ஒயிட்’ என்று கேட்டு 3000 கெல்வின் பக்கமாக வாங்குங்கள். எண்டர்பிரைஸ் 1960களின் கலம், உள்ளே பல்பு எரிந்த காலம், அந்த மஞ்சள் சாயல்தான் அதற்குப் பொருந்துகிறது.

கேள்வி (திருச்சி வாசகர்): பேட்டரியைக் கலத்துக்குள்ளேயே வைத்து மூடிவிட்டால் வயர் தொல்லை இல்லையே?

வேண்டாம். 9 வோல்ட் பேட்டரியின் கொள்ளளவே 500 மில்லி ஆம்பியர் மணி அளவுதான். இருபது விளக்கைத் தனித்தனியாக எரித்தால் மூன்று மணி நேரம்கூட வராது. தீர்ந்த பேட்டரி உள்ளே கசிந்து வயரை அரிக்கும். லித்தியம் செல்லை மூடிய பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைப்பது ஆபத்து. தாங்கு தண்டுக்குப் பித்தளைக் குழாய் போடுங்கள், வயர் அதன் வழியாகவே இறங்கி அடித்தளத்துக்கு வரட்டும். ஸ்விட்ச், ரெசிஸ்டர், சர்க்யூட் எல்லாம் அடித்தளப் பெட்டிக்குள் இருந்தால் ஏதாவது ரிப்பேர் என்றாலும் கலத்தைத் தொட வேண்டியதில்லை.

கேள்வி (பெங்களூரு வாசகர்): எஞ்சின் குழாய்களின் முனையில் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ சுற்றுவது போல இருக்குமே, அதை எப்படிச் செய்வது? என்னிடம் இருப்பது 1/350.

இந்தக் கலத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. 11 அடி மாதிரியில் அதை எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்தால் உங்கள் வேலை பாதி சுலபம். அந்த மாதிரியை 1964இல் செய்தபோது விளக்கே கிடையாது. பிறகுதான் விளக்கு சேர்த்தார்கள். அரைக்கோள மூடிக்குள் ஒரு மோட்டார், அது சுழற்றும் விசிறி இதழ்கள், அவற்றின் பின்னால் மினுக்கும் கிறிஸ்துமஸ் பல்புகள், வெளிச்சத்தைச் சிதறடிக்கக் கண்ணாடித் துண்டுகள். அதாவது இரண்டு அசைவு ஒன்றாக நடக்கிறது: முன்னால் ஒரு நிழல் சீராகச் சுற்றுகிறது, பின்னால் பல நிற ஒளிகள் தாறுமாறாக மினுங்குகின்றன. இந்த இரண்டில் ஒன்றை விட்டால் அந்தத் தோற்றம் வராது.

2014 முதல் 2016 வரை அருங்காட்சியகத்தில் நடந்த சீரமைப்பில் பல்புகளுக்குப் பதில் எல்.இ.டி. வைத்துத்தான் அதே தோற்றத்தைக் கொண்டுவந்தார்கள். நீங்களும் அப்படியே செய்யலாம். ஒவ்வொரு மூடிக்கும் ஆறு எல்.இ.டி.யை வட்டமாக வைத்து ஆர்டுயினோ நானோவில் (நிரல் எழுதி விளக்குகளை இயக்கும் சின்ன சர்க்யூட் போர்டு) இணையுங்கள். அந்தப் போர்டில் பிரகாசத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியுள்ள பின்கள் சரியாக ஆறு: 3, 5, 6, 9, 10, 11. ஒன்று அணைந்து அடுத்தது எரிவதாக நிரல் எழுதினால் கல்யாண வீட்டு சீரியல் செட் போலத்தான் இருக்கும். ஒன்று மெல்ல மங்கும்போதே அடுத்தது மெல்ல ஏற வேண்டும், எந்த நேரத்திலும் மூன்று விளக்காவது வெவ்வேறு பிரகாசத்தில் இருக்க வேண்டும். இரண்டு குழாய்களுக்கும் ஒரே பின்னிலிருந்து இரண்டு எல்.இ.டி. எடுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனி 220 ஓம் போட்டால் சேர்ந்து 18 மில்லி ஆம்பியருக்குள் அடங்கும், போர்டு தாங்கும்.

தாறுமாறாக மினுங்குவதற்கு நிரல்கூட வேண்டாம். கார்த்திகைக்கு விற்கும் பேட்டரி அகல் விளக்கைப் பிரித்தால் உள்ளே தானே நடுங்கி எரியும் எல்.இ.டி. ஒன்று இருக்கும். அப்படி இரண்டு மூன்றை நடுவில் வைத்துவிடுங்கள்.

அரைக்கோள மூடிக்கு உள்பக்கம் மெல்லிய உப்புத்தாளை ஈரமாக்கித் தேய்த்து, பனி படிந்த கண்ணாடி போல ஆக்குங்கள். அதன் மேல், உள்பக்கமாகவே, தெளிவான ஆரஞ்சுப் பெயின்ட் மிக மெல்லிய கோட்டாக. எல்.இ.டி.க்கும் மூடிக்கும் நடுவில் குறைந்தது ஒரு சென்டிமீட்டர் இடைவெளி இருக்கட்டும், இல்லாவிட்டால் ஆறு புள்ளிகள் தனித்தனியாகத் தெரியும். 1/1000 வைத்திருப்பவர்கள் ஏழு வயரை அந்தத் தூணுக்குள் திணிக்கப் பார்க்க வேண்டாம். அகல் விளக்கு எல்.இ.டி. ஒன்று போட்டாலே அந்த அளவுக்கு அழகாக இருக்கும்.

கேள்வி (நாகர்கோவில் வாசகி): தட்டின் ஓரத்தில் மினுக்கும் சிவப்பு, பச்சை விளக்குகளில் எது எந்தப் பக்கம்?

கப்பலில், விமானத்தில் உள்ளது போலவேதான்: இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. கலத்தின் உள்ளே முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தவரின் இடம், வலம். மினுக்க 555 ஐ.சி. (மின்சாரத்தைச் சீராக விட்டுவிட்டுத் தரும் சின்ன சிப்) போதும். 10 கிலோ ஓம், 68 கிலோ ஓம், 10 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் போட்டால் விநாடிக்கு ஏறத்தாழ ஒருமுறை மினுக்கும்.

கேள்வி (திருநெல்வேலி வாசகர்): கலத்தின் சரியான நிறம் என்ன? ஒருவர் வெள்ளை என்கிறார், ஒருவர் நீலம் என்கிறார், கிட்டின் குறிப்புத்தாளில் வெளிர் சாம்பல் என்று இருக்கிறது.

தொலைக்காட்சியில் பார்த்தால் மூன்றும் சரிதான் என்று தோன்றும். நீலத் திரையின் முன்னால் படம் பிடித்தார்கள். அந்த நீலம் கலத்தின் மேல் பட்டுத் தெறித்தது, பிறகு ஒவ்வொரு முறை பிரதி எடுக்கும்போதும் நிறம் கொஞ்சம் நகர்ந்தது. அதனால் திரையை நிறுத்திவைத்து நிறம் எடுப்பது வீண் வேலை.

நம்பத் தகுந்த சாட்சி அந்த 11 அடி மாதிரிதான். அதிலும் எல்லா இடமும் இல்லை. அருங்காட்சியகத்தில் சேர்ந்த பிறகு அதைப் பலமுறை சீரமைத்திருக்கிறார்கள். 1991இல் நடந்த சீரமைப்பில் தட்டுக் கோடுகளையும் அழுக்கையும் மிக அழுத்தமாகப் போட்டுவிட்டார்கள் என்று ரசிகர்கள் வெகுகாலம் வருத்தப்பட்டார்கள். ஆனால் தட்டின் மேல்பகுதியில் மட்டும் 1960களின் பெயின்ட் அப்படியே தங்கிவிட்டது. 2016இல் முடிந்த சீரமைப்பில் அந்த மேல்பகுதியைத் தொடாமல் காப்பாற்றி, அதை அளவுகோலாக வைத்து மற்ற இடங்களுக்குப் பெயின்ட் அடித்தார்கள். அது வெளிர் சாம்பல், துளி பச்சைச் சாயலோடு. தனியாகப் பார்த்தால் சாம்பலாகத்தான் தெரியும், பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள் வைத்தால்தான் பச்சை தெரியும்.

நீங்களே கலந்துகொள்ளலாம். வெள்ளையில் கொஞ்சம் கறுப்பு, துளியூண்டு மஞ்சள். கறுப்பும் மஞ்சளும் சேர்ந்தாலே பச்சைப் பக்கம் சாயும், தனியாகப் பச்சை ஊற்ற வேண்டியதில்லை. முழுக் கலத்துக்கும் போதுமான அளவை ஒரே தடவையில் கலந்துவிடுங்கள். நினைப்பதைவிட ஒரு படி வெளிறலாக வையுங்கள், சின்னப் பொருளின் மேல் எந்த நிறமும் அழுத்தமாகத்தான் தெரியும்.

தட்டின் மேல் இருக்கும் கோடுகளுக்கும் அந்த மேல்பகுதியே பதில் சொல்கிறது. அவை பென்சில் கோடுகள். செதுக்கியவை அல்ல. கிட்டில் பள்ளமாகக் கோடு இருந்தால் புட்டி போட்டு நிரப்பிவிட்டு, மேட் கோட்டுக்கு முன் கூரான பென்சிலால் லேசாக வரையுங்கள். 1/1000 அளவில் 0.1 மி.மீ. பள்ளம் என்றாலே நிஜத்தில் பத்து சென்டிமீட்டர் அகலமான வாய்க்கால், அதில் கறுப்பு வாஷ் (நீர்க்கக் கரைத்த பெயின்ட்) வேறு ஊற்றினால் கலம் ஓடு வேய்ந்த கூரை மாதிரி ஆகிவிடும். இந்த ஒரு விஷயத்தில் நான் பிடிவாதக்காரன்: எண்டர்பிரைஸுக்கு அழுக்கு, துரு, தீய்ந்த தடம் எதுவும் வேண்டாம். நன்றாகப் பராமரித்த கலம் அது.

கேள்வி (சென்னை, வேறொரு வாசகர்): ஏர்பிரஷ் வாங்க வசதியில்லை. ஹார்ட்வேர் கடை ஸ்ப்ரே கேன் போதுமா? மழைக்காலத்தில் அடித்தால் வெள்ளையாகப் பூத்துவிடுகிறது என்கிறார்களே?

கேன் போதும், ஆனால் எதையும் நேராகக் கலத்தின் மேல் அடிக்காதீர்கள். வண்டிக்கு, இரும்புக் கதவுக்கு என்று விற்கும் சில ஸ்ப்ரேக்களின் கரைப்பான் பாலிஸ்டைரீனைத் தின்றுவிடும், மேற்பரப்பு சொரசொரவென்று வெடிக்கும். கிட்டின் பாகங்கள் ஒட்டிவரும் பிளாஸ்டிக் சட்டத்தைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்து அதில் அடித்து ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அதில் நன்றாக இருந்தால் கலத்திலும் நன்றாக இருக்கும். என்.சி. தின்னரை எந்தக் காரணத்துக்காகவும் பிளாஸ்டிக் பக்கம் கொண்டுபோக வேண்டாம். பணம் கொஞ்சம் கூடுதலானாலும் பிரைமரை மட்டுமாவது மாடல் கட்டுபவர்களுக்கென்று விற்பதாக வாங்குங்கள். அது நடுவில் ஒரு காப்பு.

வெள்ளையாகப் பூப்பது ஈரப்பதத்தால்தான். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது, காற்றின் ஈரம் அதில் படிந்து பெயின்டுக்குள் மாட்டிக்கொள்கிறது. சென்னையில் ஐப்பசி, கார்த்திகையில் லாக்கர் அடிக்காமல் இருப்பதே நல்லது. அந்த மாதங்களை வயரிங்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறிய காலை பத்து, பதினோரு மணிக்கு, மொட்டைமாடியில் காற்று அடிக்காத மூலையில் அடியுங்கள். கேனை வெதுவெதுப்பான தண்ணீரில் சில நிமிடம் வைத்தால் தூவல் மென்மையாகும். அடுப்பு, கொதிநீர் பக்கம் போகவே கூடாது. ஒரு சாண் தூரத்திலிருந்து, கை நிற்காமல், கலத்துக்கு வெளியே தொடங்கி வெளியே முடிக்க வேண்டும். முதல் கோட்டில் பிளாஸ்டிக் தெரிந்தால் தெரியட்டும்.

தெளிவான சன்னல்கள் இருந்தால் முன்னதாகவே மாஸ்கிங் டேப்பை மெல்லிய கீற்றாக வெட்டி மூடுங்கள். பெயின்ட் முழுசாக இறுகும் முன்னால் உரித்தால் ஓரம் சுத்தமாக வரும்.

கேள்வி (புதுச்சேரி வாசகர்): டீக்காலைச் சுற்றி வெள்ளி நிறத்தில் ஒரு விளிம்பு தெரிகிறது.

மேட் பெயின்ட் மேல் நேராக ஒட்டியிருப்பீர்கள். மேட் பரப்பு நுண்ணிய மேடு பள்ளம், டீக்காலுக்கு அடியில் காற்று மாட்டிக்கொண்டு மின்னுகிறது. முதலில் கிளாஸ் கோட் (பளபளப்பான தெளிவான பூச்சு), நன்றாகக் காய்ந்ததும் டீக்கால், அதை இறுக்கிப் பிடிக்கும் திரவம், மறுநாள் மேட் கோட். ஏற்கெனவே ஒட்டியதற்கு ஊசியால் சில குத்து குத்தி அதே திரவத்தைத் தடவினால் ஓரளவு அடங்கும். என்.சி.சி. 1701 என்ற பெரிய எழுத்துகளுக்கு இதைக் கட்டாயம் செய்யுங்கள், கண் முதலில் போவது அங்கேதான்.

கேள்வி (ஈரோடு, ஒரு தாய்): என் மகன் எட்டாம் வகுப்பு. சால்டரிங், ஸ்ப்ரே எல்லாம் அவன் செய்யலாமா?

செய்யலாம், நீங்களோ அப்பாவோ பக்கத்தில் இருந்தால். சால்டரிங் இரும்புக்கு ஸ்டாண்ட் இல்லாமல் தொடவிடாதீர்கள். சாதாரண ஈயக் கம்பியில் ஈயம் ஏறத்தாழ 40 சதவீதம், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் சாப்பாடு. புகை முகத்துக்கு நேரே வராமல் சின்ன மின்விசிறி ஒன்று வெளிப்பக்கம் தள்ளட்டும். ஸ்ப்ரேயைத் திறந்த வெளியில் மட்டும், அதுவும் ஆவியைத் தடுக்கும் கார்பன் வடிகட்டி முகமூடியோடு. துணி மாஸ்க் இதற்கு உதவாது. மொத்த விளக்கும் 5 வோல்ட்டில், மிஞ்சிப்போனால் 12 வோல்ட்டில் ஓடுவதால் ஷாக் பயம் இல்லை. கத்தியைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். மழுங்கிய பிளேடுதான் வழுக்கிக் கையைக் கிழிக்கும், அதனால் அடிக்கடி மாற்றச் சொல்லுங்கள்.

கேள்வி (யாழ்ப்பாணம் வாசகர்): பத்து வருடம் முன்பு கட்டி முடித்து, பெயின்ட் அடித்து வைத்த கலம் ஒன்று இருக்கிறது. உடைக்காமல் விளக்கு போட முடியுமா?

சன்னல்களுக்கு முடியாது. உள்பக்கம் கறுப்பு அடிக்காத கலத்தில் எப்படியாவது ஒரு எல்.இ.டி.யை நுழைத்தாலும் கோவை வாசகிக்கு நடந்ததுதான் உங்களுக்கும் நடக்கும். எஞ்சின் முனை மூடிகள் மட்டும் தனியாகக் கழன்று வருமா என்று பாருங்கள். பல கிட்களில் அவை கடைசியாக ஒட்டுபவை. மெல்லிய பிளேடை விளிம்பில் வைத்து மெதுவாக அசைத்தால் சில சமயம் வந்துவிடும். வந்தால் உள்ளே அகல் விளக்கு எல்.இ.டி. ஒன்று, வயருக்குப் பின்பக்கம் ஒரு ஊசித்துளை போதும். 11 அடி மாதிரியிலேயே வயர்கள் இடப்பக்கம் வெளியே வந்து நின்றன, அதனால்தான் பெரும்பாலும் வலப்பக்கத்திலிருந்தே படம் பிடித்தார்கள். நீங்களும் உங்கள் கலத்தின் வலப்பக்கம் தெரியும்படி அலமாரியில் வைத்து, வயரைச் சுவர்ப் பக்கம் விட்டுவிடலாம். மூடி அசையவே இல்லையென்றால் பலம் போடாதீர்கள், அடித்தளத்திலிருந்து மேல்நோக்கி இரண்டு சின்ன வார்ம் ஒயிட் விளக்கு வைத்து, சன்னல் எரியும் கலத்துக்குப் புதிய கிட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.